பரண்மேல் கிடக்கிற தப்பை இறக்குங்க, தம்பி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 27. கொழும்பில் ஒரு துணிக்கடையில் ஆறு வருடம் நின்றவர். கடையை மூடிவிட்டதால் ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. "விடிஞ்சாலும் போன், பொழுது போனாலும் போன். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்கி பத்து மணிக்கு எழும்புறேன். அம்மா கொழுந்துக்குப் போயிட்டு வந்து சமைக்கிறதைப் பார்க்க வெட்கமா இருக்கு, ஆனா எழும்ப முடியல. கூடப் படிச்சவனெல்லாம் கட்டார்ல இருக்கான். முந்தி காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பேன், இப்ப அதுக்கும் போறதில்ல, தப்பு பரண்மேல கிடக்கு. மனசு வந்தா எல்லாம் செய்யலாம். மனசே வரமாட்டேங்குது. இதுல இருந்து எப்படி வெளிய வர்றது?" இதுதான் கேள்வி. (தப்பு என்பது நம் தோல் மேளம், பறை. காமன் கூத்து மன்மதன் கதையை ஆடுகிற கூத்து.)

நான் ஹட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் 26 வருடம் படிப்பித்தேன். கடைசிப் பத்து வருடம் மாணவர் ஆலோசனையும் என் பொறுப்பில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாமாரும் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். நான் வைத்தியர் இல்லை. எந்த இடத்தில் வைத்தியரிடம் போக வேண்டும் என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தம்பி, முடிச்சு உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "மனசு வந்தா செய்யலாம்" என்கிறீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறோம்: முதலில் ஆசை வரும், பிறகு கை கால் அசையும் என்று. நன்றாக இருக்கிற நாட்களில் அது சரிதான். மனம் சோர்ந்து படுத்துவிட்ட நாட்களில் வரிசை மாறிவிடுகிறது. முதலில் உடம்பு அசைய வேண்டும். மனம் பின்னால், பிந்தித்தான் வரும். அது வரும்வரை காத்திருக்கிறவர் ஒன்றரை வருடமும் காத்திருப்பார், பத்து வருடமும் காத்திருப்பார்.

இது நான் கண்டுபிடித்த ஒன்று இல்லை. அமெரிக்காவில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் 1970களிலேயே இதை எடுத்துச் சொன்னார். ஒருவருக்குச் சோர்வு வருகிறது. அதனால் அவர் செய்கிற காரியங்கள் குறைகின்றன. காரியங்கள் குறைந்ததும் அவற்றால் கிடைத்த சின்னச் சின்னச் சந்தோஷங்கள், "முடிச்சிட்டேன்" என்கிற நிறைவு, ஆட்களோடு ஒரு சிரிப்பு எல்லாம் குறைகின்றன. அவை குறைந்ததும் சோர்வு கூடுகிறது. செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம். அந்த வட்டத்தை எங்கே உடைப்பது? சோர்வைப் பிடித்து நேராக மாற்ற முடியாது. எண்ணத்தை மாற்று, நல்லதையே நினை என்று சொல்வது சுலபம், செய்து பார்த்தவருக்குத்தான் கஷ்டம் தெரியும். நம் கைக்கு எட்டுகிற ஒரே இடம் செயல். 1996இல் நீல் ஜேக்கப்சன் என்பவருடைய குழு சோதித்துப் பார்த்ததில், எண்ணங்களை மாற்றுகிற முழுச் சிகிச்சை கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பலன், செயலை மட்டும் கூட்டியவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு கிடைத்தது.

எனக்கு இது புத்தகத்துக்கு முன்னாலேயே தெரியும். என்னுடைய 38ஆவது வயதில் அம்மா தவறினார். பள்ளிக்கூடம் போவேன், வருவேன், இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்து எதிர் மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இருட்டியது கூடத் தெரியாது. பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார், அவரும் கொழுந்தெடுக்கிறவர். ஒரு நாள் அந்திக்கு இரண்டு குடத்தோடு வந்து நின்றார். "வா டீச்சர், பீலிக்குப் போயிட்டு வருவோம்." எங்கள் வாசலிலேயே குழாய் இருந்தது. மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. அவருக்கும் அது தெரியும். நான் எழும்பவில்லை. அவர் போகவுமில்லை. கையில் ஒரு குடத்தைத் திணித்தார். போனோம். வழியில் அவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோழி முட்டை, அவருடைய மகளுக்கு வந்த வரன், எந்த மலையில் அட்டை கூட என்று பேசிக்கொண்டு வந்தார். பீலித் தண்ணீர் குடத்தில் விழும்போது முதலில் கனமாக ஒரு சத்தம் வரும், நிறைய நிறைய அது மெலிந்துகொண்டே போகும், தெரியுமில்லையா? பல நாட்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு சத்தத்தை நான் காது கொடுத்துக் கேட்டேன்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மூன்றாம் வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு குடத்தையும் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

பிறகு பயிற்சி வகுப்புகளில்தான், உலகத்தில் வேறு இடங்களில் இதையே முறையாகச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். சிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா என்ற மனநல வைத்தியர் ஊர்ப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனம் உடைந்து வருகிறவர்களோடு பாட்டி பேசுவார். நல்ல பலன் கிடைத்தது. இந்தியாவில் கோவாவில் விக்ரம் பட்டேலின் குழு, வைத்தியர் அல்லாத உள்ளூர் ஆட்களைப் பழக்கி, கடும் மனச்சோர்வில் இருந்தவர்களைச் சின்னச் சின்னக் காரியங்களில் இறங்க வைத்தது. ஆறு முதல் எட்டு அமர்வுதான். அதிலும் பலன் தெரிந்தது. 2017இல் அந்த ஆய்வு வெளிவந்தபோது எனக்குப் பீலிக்கரை அக்காதான் ஞாபகத்துக்கு வந்தார்.

அதனால் முதல் வேலையாக உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். புத்தி சொல்கிறவர் வேண்டாம், அப்படிப்பட்டவர்கள் ஒரு லயத்துக்கு, நம் வரிசை வீடுகளுக்கு, பத்துப் பேர் இருப்பார்கள். கூட நடக்கிற ஆள். மாமா பையன், பழைய கூட்டாளி, பக்கத்து வீட்டு அண்ணன், யாராக இருந்தாலும் சரி. "எனக்கு மனசு சரியில்ல" என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டாம். "காலைல ஆறரைக்கு ரோட்டுக்கு நடக்கப் போறேன், என்னை வந்து எழுப்பு" என்று மட்டும் கேளுங்கள். நம் ஆட்கள் உதவி என்று கேட்டால் தயங்குவார்கள், வேலை என்று கேட்டால் வந்துவிடுவார்கள்.

அடுத்தது, ஒரு சீ.ஆர். கொப்பி. ஒரு கிழமைக்கு எதையும் மாற்ற வேண்டாம். எழும்பியதிலிருந்து படுக்கிறவரை மணிக்கொரு தடவை என்ன செய்தீர்கள் என்று இரண்டு வார்த்தை, அந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து முடங்கிப் போயிருந்த ஒரு பிள்ளை இப்படி எழுதிக் கொண்டுவந்தது. அந்தக் கொப்பி இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. பேனா மை தீர்ந்து பாதியில் பென்சிலில் எழுதியிருந்தது. போன் பார்த்த மணிக்கெல்லாம் 2, 3. ஒரு வியாழக்கிழமை காலையில் மட்டும் 6. பக்கத்தில் "பாட்டிக்குத் தலை சீவி விட்டேன்" என்று இருந்தது. அந்தப் பிள்ளைக்கே அது ஆச்சரியம். "டீச்சர், போன் பார்க்கும்போதுதான் நான் சந்தோஷமா இருக்கேன்னு நெனச்சேன்" என்றது. மனம் சோர்ந்திருக்கும்போது எது நமக்கு நல்லது என்று நாம் போடுகிற கணக்குப் பிழைத்துவிடும். கொப்பி சரியாகச் சொல்லும்.

இரண்டாம் கிழமையில் கொப்பியைப் பார்த்து இரண்டே இரண்டு காரியம் எடுங்கள். ஒன்று மனத்துக்கு இதமாக இருப்பது. மற்றது, முடித்தால் "நான் செஞ்சேன்" என்று நெஞ்சு நிமிர்வது. இரண்டும் வேண்டும். இதமானது மட்டும் இருந்தால் பொழுது போகும், மதிப்பு வராது. கடமை மட்டும் இருந்தால் நுகத்தடி மாதிரி அழுத்தும். அளவு சிறியதாக இருக்கட்டும், கேட்டால் சிரிப்பு வருகிற அளவுக்குச் சிறியதாக. "வீட்டு வேலையில அம்மாவுக்கு உதவி பண்ணுவேன்" என்பது பெரிது, மங்கலானது. "அம்மா மலையிலிருந்து வருவதற்குள் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருப்பேன்" என்பது சரியான அளவு. நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, முடிந்ததா இல்லையா என்று தெரியும். ஈரக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருகிற அம்மாவின் முகம் அந்த ஒரு கோப்பைச் சாயத் தண்ணிக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். உங்கள் வெட்கத்துக்கு மருந்து அங்கே இருக்கிறது.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்களே, அதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி என்பவரின் குழு உண்மையாகவே நாள் எண்ணிப் பார்த்தது. புதுக் காரியம் ஒன்று யோசிக்காமலே செய்கிற அளவுக்குப் பழகச் சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் போலிருந்தது. நடுத்தரமாக 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப் போனதால் பெரிய நட்டமும் இல்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் பலர் 22ஆம் நாள் மனம் இன்னும் பழையபடியே இருப்பதைப் பார்த்து, "எனக்கு இது சரிவராது" என்று விட்டுவிடுகிறார்கள்.

தூக்கத்தைப் பற்றி. பத்து மணிக்குப் படுத்துவிடப் பார்க்காதீர்கள், தூக்கம் வராமல் புரண்டு புரண்டு இன்னும் வெறுத்துப் போகும். எழும்புகிற நேரத்தைப் பிடியுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழும்பி வெளியே வாருங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படுவதுதான் உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. "எங்க ஊர்ல ஏது வெளிச்சம், மேகமும் பனியும்தானே" என்பீர்கள். மூடிக் கிடக்கிற வானத்தின் வெளிச்சமும் காம்பராவுக்குள் எரிகிற பல்பை விடப் பல மடங்கு கூட. மே தொடங்கி செப்டெம்பர் வரை மஸ்கெலியா, வட்டவளைப் பக்கமெல்லாம் மழை விடாது, நடக்கப் போக முடியாது. அந்த மாதங்களில் இஸ்தோப்பில் தேத்தண்ணியோடு அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் போதும். போனை இரவில் தலைமாட்டில் வைக்காமல் அடுப்பங்கரையில் சார்ஜ் போடுங்கள். இரண்டு மணிக்குக் கட்டார் படங்களைப் பார்ப்பது அதோடு பாதி நின்றுவிடும். அந்தப் படத்தில் கூட்டாளி சிரிப்பது தெரியும். பதினாறு பேர் படுக்கிற அறை தெரியாது.

புத்தகங்களில், காணொளிகளில் "தனியறையில் அமைதியாக உட்காருங்கள்" என்று ஒரு யோசனை வரும். அதை எழுதியவர் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேரோடு இருந்ததில்லை. பக்கத்து வீட்டு இருமல்கூட நம் வீட்டில் கேட்கும். நமக்குத் தனிமை வெளியேதான். கோயில் படி, விளையாட்டு மைதானத்து ஓரம், டவுனில் நூலகம். நூலகத்துக்குப் போனால் ஒரு நன்மை: சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரும் "என்ன சும்மா இருக்கே?" என்று கேட்கமாட்டார்கள்.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்: குடிக்கிறீர்களா? சாராயம் முதலில் தூங்க வைக்கும், நடுச்சாமத்தில் எழுப்பிவிடும், மறுநாள் மனத்தை இன்னும் கீழே இழுக்கும். தவறணைப் பக்கம்தான் ஆட்கள் கிடைக்கிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் வேறு ஆட்களைத் தேடச் சொல்கிறேன்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை வெட்டாமல் விட்டால் அது மரமாகப் போய்விடும். கைக்கு எட்டாது, தளிர் குறையும், முற்றல் கூடும். அதனால் மூன்று, நாலு, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கத்தியால் இடுப்புக்குக் கீழே வெட்டி விடுவார்கள். கவ்வாத்து வெட்டிய மலையைப் புதிதாகப் பார்க்கிறவர் தீப்பிடித்து அழிந்த காடு என்றுதான் நினைப்பார், வெறும் மொட்டைக் குச்சிகள். வேரில் மாவுச் சத்து சேர்ந்திருந்தால் செடி பிழைத்துத் துளிர்க்கும். வேர் காய்ந்த நேரத்தில் வெட்டினால் பட்டுப்போகும். சில மலைகளில் ஓரத்தில் ஒன்றிரண்டு இலைக் கிளைகளை வெட்டாமல் விடுவார்கள். புதுத் துளிர் வரும்வரை அந்த இலைகள்தான் செடிக்குச் சாப்பாடு போடும். அப்பா அந்தக் கிளையைக் கையால் வருடி விட்டுவிட்டுத்தான் அடுத்த செடிக்குப் போவார்.

கடை மூடி, வேலை போய், கூட்டாளிகள் வெளிநாடு போய், உங்களைச் சுற்றி எல்லாம் ஒரே நேரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டாமல் மிஞ்சியிருக்கிற கிளை எது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று அம்மா. இன்னொன்று நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன தப்பு.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். இது முழுக்க உங்கள் சோம்பல் என்று நினைக்காதீர்கள். படித்த பிள்ளைக்குத் தோட்டத்துக்குள் வேலை இல்லை, வெளியே கிடைப்பது கடை வேலை. வீட்டுக்கும் காணிக்கும் உரிமை இல்லாமல் தலைமுறைகள் போய்விட்டன. 1948இல் குடியுரிமையையே பறிகொடுத்த சனம் நாம். அந்தப் பாரம் உங்கள் தோளிலும் இருக்கிறது. 2023இல், நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து இருநூறு வருடம் ஆனதை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் வந்த வழியிலேயே ஆட்கள் நடந்தார்கள். என் பழைய மாணவி ஒருத்தியும் போனாள். வேலை கிடைக்காமல் வீட்டில் அடைந்து கிடந்தவள். திரும்பி வந்து, "கால் எல்லாம் கொப்புளம் டீச்சர், ஆனா நல்லாத் தூங்கினேன்" என்றாள். சம்பளமும் காணியும் தனி மனிதர் நடைப் பயிற்சி செய்து தீர்க்கிற பிரச்சினைகள் இல்லை. ஆனால் சங்கத்திலோ வாலிபர் மன்றத்திலோ நாலு பேரோடு சேர்ந்து அதற்காக ஒரு வேலை செய்கிறவருக்கு, தனியாகப் படுத்து அதையே நினைக்கிறவரை விட மனம் நன்றாக இருக்கிறது. நான் பார்த்த வரையில் அப்படித்தான்.

வைத்தியரிடம் எப்போது போக வேண்டும்? இரண்டு கிழமைக்கு மேல் அனேகமாக எல்லா நாளும் மனம் இருண்டு கிடந்தால், எதிலும் ருசி இல்லாமல் போனால், அதோடு தூக்கமும் பசியும் கெட்டால் போக வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த எல்லையில் நிற்கிறீர்கள், அதனால் போய்க் காட்டிவிடுங்கள். "அங்கொடைக்கு அனுப்பிருவாங்க" என்று, கொழும்புப் பக்கத்து மனநல ஆஸ்பத்திரியை நினைத்து வருகிற பயம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அந்தக் காலம் மாறிவிட்டது. 2005இல் மனநலக் கொள்கை வந்த பிறகு மாவட்டங்களிலேயே மனநல கிளினிக்குகள் நடக்கின்றன. பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் கேட்டால் எந்தக் கிழமை, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள். காசு கட்டத் தேவையில்லை. இரத்தம் குறைவாக இருந்தாலும், தைரொய்ட் குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நாலு கிழமையாகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட. பாதியில் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

செத்துப்போனால் என்ன என்ற நினைப்பு எப்போதாவது வந்தால், அன்றைக்கே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். இரவானால் 1926க்கு எடுங்கள், அது அரசாங்கத்தின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மரக்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். இதை எல்லா வீட்டுக்கும் சொல்கிறேன். 1995 அளவில் தற்கொலையில் உலகத்திலேயே முன்வரிசையில் இருந்த நாடு இது. கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த நினைப்பு அலை மாதிரி வந்து போகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அது போகிறவரை கைக்கு எட்டாத தூரத்தில் மருந்து இருந்ததால் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறவர்கள் இந்த மலையில் நிறையப் பேர்.

இனித் தப்பு. மாசியில் காமன் பொட்டலில் கூத்து தொடங்கும். எரிந்துபோன மன்மதனுக்காக ரதி அழுகிற இரவில், அடிக்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் ஒரே நடுக்கம். நான் சின்ன வயதில் அம்மாவின் சேலைத் தலைப்புக்குள் இருந்து அதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கூத்து ஆட வேண்டாம், பழக்கத்துக்குக்கூட இப்போதைக்குப் போக வேண்டாம். இந்தக் கிழமை பரணிலிருந்து தப்பை இறக்கித் தூசியைத் துடைத்து வையுங்கள், அவ்வளவுதான். அடுத்த கிழமை ஓர் அந்திக்குக் கொஞ்சம் வைக்கோலோ பழைய பேப்பரோ கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டுங்கள். ஒன்றரை வருடம் ஈரத்தில் கிடந்த தோல் தொய்ந்துதான் இருக்கும். திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அது இறுகிச் சத்தம் மாறுகிற நேரத்தில் லயத்துச் சின்னப் பையன்கள் இரண்டு பேராவது வந்து நிற்பார்கள். அவர்களை விரட்டாதீர்கள், அடிக்கக் கற்றுக் கொடுங்கள்.

அன்றைக்குக் கொப்பியில் எத்தனை புள்ளி போட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், தம்பி. மூன்றாக இருந்தாலும் எழுதுங்கள்.